மழைக்காலத்தில் முதுகுப் பையோடு மூன்று நாள்

"பையை முதுகில போட்டுக்கொண்டு நடக்கிறதெண்டா எனக்கு ஒரு நடைதான் ஞாபகம் வரும் பிள்ளை. நான் வரேல்லை."

2025 வைகாசி மாதத்தில் கிளிநொச்சியிலிருந்து ஓர் அக்கா தொலைபேசியில் எனக்குச் சொன்ன பதில் இது. நான் அவரைப் பெரிய காரியம் எதற்கும் அழைக்கவில்லை. மலையகத்துக்கு வாருங்கள், ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டங்களுக்கூடாக மூன்று நாள் நடப்போம், வெளிநாட்டுக்காரர் காசு செலவழித்து வந்து செய்வதை நாமும் ஒருமுறை செய்து பார்ப்போம் என்றுதான் கேட்டிருந்தேன். கேட்டபோது 'முதுகுப் பை' என்ற சொல் அவருக்கு எப்படிப் படும் என்று நான் யோசிக்கவில்லை. சமூகவியல் படித்தவள், பதினொரு வருடமாகப் பெண்களோடு வேலை செய்பவள். இருந்தும் யோசிக்கவில்லை.

2009 தை மாதத்தில் அவர் மகளின் பள்ளிக்கூடப் பையில் கொஞ்ச அரிசியும், அடையாள அட்டைகளும், ஒரு கலியாணப் படமும் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கியவர். புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று அந்த நடை போனது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது பை இருந்தது, கணவர் இருக்கவில்லை. இதையெல்லாம் ஒரு கலந்துரையாடலில் அவரே எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

நான்கு நாள் கழித்து அவரே அழைப்பு எடுத்தார்.

"ஆனி மாசம் உங்க மழையோ?"

"ஒரே மழைதான் அக்கா. அதுதான் பயமாக இருந்தால் மாசிக்குத் தள்ளிப் போடுவோம்."

"இல்லை. அம்மா சொல்லுற மழை அது. அப்ப வாறன்."

அவருடைய தாயார் மலையகத்துக்காரர். தலவாக்கலைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்து, 1977 ஆவணி மாத வன்செயலுக்குப் பிறகு பிள்ளைகளோடு வன்னிக்கு வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர். இப்படி வந்த குடும்பங்கள் வன்னியில் எத்தனையோ இருக்கின்றன. இதை வாசிப்பவர்களிலும் சிலர் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். அக்கா பிறந்தது அங்கே, மலையிலே, வளர்ந்தது வன்னியில். அம்மாவின் தோட்டத்துக்கு இங்கிலீசுப் பெயர் என்னவென்று அவருக்குத் தெரியாது. நம்மவர்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் மட்டும் தெரியும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் துரைமார் வைத்த பெயர் ஒன்று, சனங்கள் வைத்த பெயர் ஒன்று. வரைபடத்தில் இருப்பது முதலாவதுதான்.

ஏன் மழைக்காலம் என்று கேட்பீர்கள். உல்லாசப் பயணத்துறைக்காரர் மலையகத்துக்கு வரச் சொல்வது தை முதல் சித்திரை வரை. அப்போது தங்கும் அறைகளின் விலை ஏறிவிடும், எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டாது. மழைக்காலத்தில் அறை மலிவு, பாதையில் சனம் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. வன்னியில் ஆனி, ஆடி மாதங்களில் புழுதியைக் கிளப்பி, கூரை ஓலையைத் தூக்கும் சோளகக் காற்று இருக்கிறதல்லவா, அதே காற்றுத்தான் கடலிலிருந்து ஈரத்தைக் கொண்டுவந்து மேற்கு மலைச் சரிவில் மோதி மழையாக இறங்குகிறது. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா எல்லாம் அந்தப் பக்கம். மலையைத் தாண்டிப் பண்டாரவளைக்குப் போனால் அதே மாதத்தில் வெயிலும் வரண்ட காற்றும். அந்தப் பக்கத்துக்கு மழை மார்கழியில். ஆகவே 'மலைநாட்டில் மழைக்காலம்' என்று ஒரே காலத்தைச் சொல்ல முடியாது. எந்தச் சரிவில் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இரு பக்கமும் பின்னேரத்தில் இடியோடு பெய்யும். மலை முகட்டில் நடப்பவர்கள் பயப்பட வேண்டியது ஆனி மழைக்கல்ல, அந்த இடிக்குத்தான்.

நாங்கள் நடந்தது 'பெக்கோ டிரெயில்' என்று அழைக்கப்படும் நடைபாதையின் ஒரு துண்டு. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் முதன்முதலில் வர்த்தக ரீதியாகத் தேயிலை நட்ட லூல்கந்துரைக்கூடாக, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள், ஏறக்குறைய 300 கிலோமீற்றர். வெளிநாட்டு நிதியுதவியுடன் அண்மைய ஆண்டுகளில் அடையாளப் பலகைகள் நாட்டப்பட்டன. பாதை புதிதல்ல. கொழுந்துக் கூடையோடும், உரமூட்டையோடும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டும் எங்கள் பெண்கள் ஒன்றரை நூற்றாண்டாக நடந்த பாதைதான். பலகைகள் மட்டும் புதிது. வெள்ளைக்காரர் அந்தப் பலகையோடு நின்று படம் எடுக்கும்போது என் சித்தி சிரிப்பார்: "இதுல நடக்கக் காசு குடுக்குறாங்களாம். எனக்கு இதுல நடந்தா அரைப் பேருதான் போடுவாங்க."

சித்தி 35 வருடம் கொழுந்து எடுத்தவர். எங்கள் வழிகாட்டி அவர்தான். நானும், கிளிநொச்சி அக்காவும், முல்லைத்தீவிலிருந்து ஒரு தங்கச்சியும் சேர்ந்து நான்கு பேர். தங்கச்சிக்கு வலது காலில் இன்னும் ஒரு செல் துண்டு இருக்கிறது. எங்கள் வேகத்தைத் தீர்மானித்தது அந்தக் கால். பலகையில் நான்கு மணித்தியாலம் என்று போட்ட தூரத்துக்கு எங்களுக்கு ஏழு மணித்தியாலம் பிடித்தது. அதற்காக யாரும் வெட்கப்படவில்லை.

பை கட்டும் விசயத்தில் சித்தி கடும் கண்டிப்பு. கடையில் விற்கும் மழையுறை எதுவும் வேண்டாம் என்றார். உரப்பைக்குள்ளே இருக்கும் பொலித்தீன் உறையை நன்றாகக் கழுவிக் காயவைத்து, பைக்குள்ளே போட்டு, துணிமணியை அதற்குள் வைத்து வாயை முறுக்கிக் கட்டினார். பை நனையும், உள்ளே நனையாது. ஒரு சோடி உடுப்பு உடலில், ஒரு சோடி பைக்குள். உள்ளே இருப்பதை இரவில் மட்டும் உடுத்த வேண்டும். காலையில் எவ்வளவு குளிராக இருந்தாலும் ஈர உடுப்பைத்தான் திரும்பப் போட வேண்டும். இதைச் செய்ய மனம் வராது. முதல் நாள் எனக்கு வரவில்லை, இரண்டாம் இரவு ஈரச் சட்டையோடு படுத்தேன். குடை இந்தக் காற்றுக்கு உதவாது. சித்தி பழையபடி தலையில் கம்பளியும் இடுப்பில் படங்கும் கட்டிக்கொண்டார். எங்களில் குறைவாக நனைந்தவர் அவர்தான்.

அட்டைக்கு, காலுறையின் மேல் சவர்க்காரக் கட்டியை ஈரத்தோடு தேய்த்தால் போதும். ஏறிவிட்டால் பிடுங்கி எறியக் கூடாது. நகத்தால் அதன் வாயோரத்தை வழித்து விட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு நீரை விட்டுவிட்டுப் போவதால் கொஞ்ச நேரம் ஒழுகும். "இது எங்களுக்கு ஒரு காயமோ" என்றார் முல்லைத்தீவுத் தங்கச்சி.

முதல் நாள் ஹட்டனிலிருந்து ரெயில் ஏறினோம். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் அரைக் கிலோமீற்றருக்கு மேல் இருட்டு. வெளியே வந்ததும் பிள்ளைகளைப் போல் கூச்சல் போடுவது இங்கு வழக்கம், நாங்களும் போட்டோம். தலவாக்கலை தாண்டி வட்டகொடையில் இறங்கி, இரண்டு மணித்தியாலம் நடந்து, எனக்குப் பழக்கமான ஒரு கொழுந்து எடுக்கும் பெண்ணின் லயத்து வீட்டில் தங்கினோம். ஒரு காம்பராவும் இஸ்தோப்பும். அவருக்கு மூன்று பிள்ளைகள். கணவர் கொழும்பில் கடை வேலை. ரொட்டியும் இடிசம்பலும் தேத்தண்ணியும் தந்தார். நாங்கள் பணம் கொடுத்தபோது வாங்க மறுத்தார். வாங்கத்தான் வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். இந்தப் பாதையால் போகும் பயணிகளின் பணம் பங்களாக்களுக்கும் பட்டணத்து விடுதிகளுக்கும்தான் போகிறது. லயத்து வீட்டுக்கு உறுதி கிடையாது. உறுதி இல்லாத வீட்டைத் தங்குமிடமாகப் பதிவது இலகுவான காரியமா? படத்தில் இருப்பவர் கொழுந்து எடுக்கும் பெண், வருமானம் வேறு யாருக்கோ. இதை நான் கூட்டங்களில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்னும் சொல்வேன்.

அன்று இரவு கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. லயத்துக்குப் பின்னால் செங்குத்தான மண் திட்டு. கிளிநொச்சி அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்காரியிடம் கேட்டார்: "தங்கச்சி, இரவில ஓட வேண்டி வந்தா எதை எடுத்துக்கொண்டு ஓடுவீர்?"

அந்தப் பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை. "புள்ளைகளத் தூக்கிட்டு ஓடுவோம், வேறென்னா?"

"அடையாள அட்டை? பிறப்புப் பத்திரம்?"

ஒன்று அலுமாரியில், ஒன்று அம்மா வீட்டில், ஈ.பி.எப். கடதாசி எங்கே என்று தெரியாது. அக்கா எழும்பி உட்கார்ந்தார். பிறகு ஒரு மணித்தியாலம் அவர் பேசியதை நான் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கேட்டதில்லை. எல்லாப் பத்திரங்களும் ஒரே பொலித்தீன் உறைக்குள். அந்த உறை ஒரு பைக்குள். பை கதவுக்குப் பக்கத்தில், பிள்ளைக்கும் தெரிந்த ஆணியில். தாயின் கையில் பை, மூத்த பிள்ளையின் கையில் இளையது. தொலைபேசி இலக்கங்களைக் கடதாசியில் எழுதி ஒவ்வொரு பிள்ளையின் சட்டைக்குள்ளும் தைத்து விட வேண்டும். "கைபேசி செத்துப்போகும். கடதாசி சாகாது." பத்திரம் தொலைத்தவர்கள் முகாமிலிருந்து வெளியே வந்த பிறகும் ஒரு மரணச் சான்றிதழுக்காக எத்தனை வருடம் அலைந்தார்கள் என்பதை அவர் சொன்னபோது முல்லைத்தீவுத் தங்கச்சி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சேர்த்தேன். மண் திட்டில் புது வெடிப்பு, மரம் சாய்தல், கதவு திடீரென்று இறுகுதல், பீலித் தண்ணீர் கலங்குதல் அல்லது நின்றுபோதல், இவை மண் அசைவதன் அறிகுறிகள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 தாண்டினால் நிற்கக் கூடாது. அளப்பதற்குக் கருவி வேண்டாம். நேரான சுவருள்ள ஒரு ரின்னை வெட்டவெளியில் வைத்து, பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பார்த்தால் தெரியும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது அந்தப் பெண்ணுக்கும் நினைவிருந்தது. முன்பே எச்சரிக்கை இருந்தும் போக வேறு இடம் இல்லாமல் அங்கேயே இருந்த சனங்கள் அவர்கள்.

இரண்டாம் நாள் கொட்டகலை நோக்கி நடந்தோம். மழை விடவே இல்லை. பத்து மணிக்கு ஓர் இடத்தில் தங்கி நின்றிருக்க வேண்டும் என்று சித்தி சொன்னார். பொழுது போய்விடும் என்று நான் அவசரப்படுத்தினேன். அது என் பிழை. குறுக்குப் பாதை ஒன்றில் இறங்கி வழி தவறி, முக்கால் மணித்தியாலம் கானுக்குள்ளும் தேயிலைக்குள்ளும் தடுமாறி, கடைசியில் ஒரு கொழுந்து மடுவத்தைக் கண்டோம். தகரம் கழன்ற பக்கத்துக்கு நீல நிறத் தரப்பாள் கட்டியிருந்தார்கள். நாங்கள் உள்ளே ஓடினோம். அக்கா வரவில்லை. வாசலுக்கு நான்கு அடி தள்ளி, கொட்டும் மழையில் நின்றார்.

"உள்ளுக்கு வாங்கோ அக்கா."

"நீங்கள் நில்லுங்கோ. தரப்பாளுக்குக் கீழ நிண்டு என்னால மழை கேக்கேலாது."

மெனிக் பாமில் அவர் மூன்று மாரி காலம் தரப்பாளுக்குக் கீழே இருந்தவர். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உளசமூகப் பயிற்சியில் கற்ற வசனங்கள் சில வாயில் வந்தன, சொல்லாமல் விட்டேன். சித்தி ஒன்றும் பேசாமல் வெளியே போய், தன் கம்பளியின் ஒரு பாதியை அக்காவின் தலைமேல் போட்டு, பக்கத்தில் நின்றார். இருபது நிமிடம் இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு பேச்சுக் கேட்டது. அக்கா தன் அம்மாவின் தோட்டத்துப் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயரில் இரண்டு தோட்டம் இருக்கிறது என்றார் சித்தி.

அன்று முழுவதும் சித்தி எதிரில் வந்த கிழவர், கிழவி எல்லோரையும் நிறுத்தி அந்தப் பெயரைக் கேட்டார். சென் கிளயர் நீர்வீழ்ச்சி தூரத்தில் தெரிந்த இடத்தில் ஒரு பெரியவர், "எழுபத்தேழுல போனவங்களா? அப்ப போனவங்க எத்தனையோ பேரு" என்றார். அவ்வளவுதான். மேல் கொத்மலை மின்திட்டத்துக்காகத் தண்ணீர் திருப்பப்பட்ட பிறகு வெயில் காலத்தில் மெலிந்து போகும் அந்த நீர்வீழ்ச்சி, அன்று அகலமாக விழுந்துகொண்டிருந்தது. அக்கா நெடுநேரம் அதைப் பார்த்தார். அம்மா அதைப் பற்றிச் சொன்னதுண்டா என்று கேட்டேன். சொன்னதில்லையாம். குளிரும், அட்டையும், மழையும் மட்டும்தான் அம்மாவின் கதையில் வரும்.

மூட்டையைச் சுமந்து நடப்பது இந்தத் தீவில் எமது சனங்களுக்குப் புதிய விசயமல்ல. தென்னிந்தியாவிலிருந்து வந்த முதல் தலைமுறைகள் தலைமன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுக்கூடாக மாத்தளைக்கு நடந்தே வந்தன. வழியில் கொலராவிலும் பசியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்குச் சரியாக இல்லை. அந்த 200 வருடத்தை நினைத்து 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபவனி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சித்தி அதில் கடைசி இரண்டு நாள் நடந்தவர். மலையிலிருந்து வன்னிக்கு, வன்னியிலிருந்து முள்ளிவாய்க்காலுக்கு என்று நடந்த நடைகள் அந்தக் கணக்கில் சேர்க்கப்படுமா என்று முல்லைத்தீவுத் தங்கச்சி கேட்டார். சித்தி, "சேக்கணும்" என்றார்.

மூன்றாம் நாள் கொட்டகலையிலிருந்து நோர்வூட். காலையில் மழை விட்டிருந்தது. அக்கா முன்னால் நடந்தார். சித்தியைவிட முன்னால். ஒரு திருப்பத்தில் அவரைக் காணாமல் நான் பயந்துபோனேன். அப்பால் ஒரு கல்லில் உட்கார்ந்து, பையைக் கழற்றாமலே ரொட்டி தின்றுகொண்டிருந்தார். "இந்தப் பைக்குள்ள ஒண்டுமே முக்கியமில்லை பிள்ளை. இது விழுந்து போனாலும் பரவாயில்லை. அப்பிடி ஒரு பையை இண்டைக்குத்தான் சுமக்கிறன்" என்றார்.

நோர்வூட்டிலிருந்து பஸ்ஸில் பொகவந்தலாவைக்குப் போனோம், அங்குள்ள சென் மேரிஸ் தேவாலயத்தைப் பார்க்க. ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற ஆங்கிலேயப் பெண்ணின் கல்லறை அங்கே இருக்கிறது. 48 வயதில்தான் முதன்முதலாகக் கமரா கையில் கிடைத்து, உலகம் அறிந்த படப்பிடிப்பாளரானவர். 1875இல் இங்கு வந்து, தோட்டத் தொழிலாளர்களையும் படம் பிடித்து, 1879இல் திக்கோயாவில் காலமானவர். படத்தில் இருந்தவர்களின் பெயர்களை அவர் எழுதி வைக்கவில்லை. தங்கச்சி தன் கைபேசியில் எங்கள் நால்வரையும் ஒரு படம் எடுத்தார். அதில் மூன்று பேர் கண்ணை மூடியிருக்கிறோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் இடம் விட்டு இடம் இறங்கின. ரெயில் பாதை பல இடங்களில் உடைந்தது. நாங்கள் நடந்த ஒற்றையடிப் பாதைகளில் சில இப்போது பாதை அல்ல, சிவப்பு மண் வடு. வன்னியிலும் வெள்ளம். மின்சாரமும் இல்லை, கைபேசியும் இல்லை. ஐந்தாம் நாள் எனக்குத் தொடர்பு கிடைத்தபோது முதலில் வந்த அழைப்பு கிளிநொச்சி அக்காவுடையது. தன் வீட்டு முற்றத்தில் முழங்கால் தண்ணீர் நிற்க, அவர் கேட்டது வட்டகொடைப் பெண்ணைப் பற்றி.

எனக்குத் தெரியவில்லை. மேலும் இரண்டு நாள் கழித்துத்தான் அங்கே நடந்து போக முடிந்தது. லயத்தின் மேற்குப் பக்கத்து நான்கு காம்பராக்கள் மண்ணுக்குள். அவருடைய காம்பரா நிற்கிறது, ஆனால் சுவர் பிளந்திருந்தது. பின்னேரம் பீலித் தண்ணீர் சேறாக வந்து பிறகு நின்றுபோனதாம். அவர் பக்கத்து வீடுகளைத் தட்டிச் சொல்லி, பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டார். சிலர் சிரித்தார்களாம், ஆனாலும் வந்தார்கள். அந்த லயத்தில் உயிர் போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவரைக் கண்டேன். ஆணியில் மாட்டிய பை மடியில் இருந்தது. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரங்கள், ஈ.பி.எப். கடதாசி எல்லாம் இருந்தன. சின்னவனின் இழுப்புக்கான மருந்தை வைக்க மறந்துவிட்டாராம். முதல் இரண்டு இரவும் அதற்காக அவர் பட்ட பாட்டைச் சொல்லி அழுதார். பையில் மருந்தையும் எழுதிக்கொள்ளுங்கள் சகோதரிகளே. அக்காவின் பட்டியலில் அது விடுபட்டிருந்தது.

தை மாதத்தில் கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் ஒரு பொதி வந்தது. கருவாடு, பனங்கட்டி, பிள்ளைகளுக்கு மூன்று புதுப் பள்ளிக்கூடப் பை. ஒவ்வொன்றுக்குள்ளும் கழுவிக் காயவைத்த ஒரு பொலித்தீன் உறை. இப்போது அக்காவும் அந்தப் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. ஒன்று மட்டும் சித்தி சொல்லித் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவர்களோடு தங்கியிருந்த ஒரு பாட்டி அந்தப் பெயருள்ள இரண்டாவது தோட்டத்தைச் சேர்ந்தவராம். எழுபத்தேழில் லயத்தைப் பூட்டிச் சாவியைத் தன் தாயிடம் கொடுத்துவிட்டுப் போன ஒரு குடும்பம் அவருக்கு ஞாபகம் இருக்கிறதாம். பெயர்தான் வாயில் வரவில்லை.